பிணம் இல்லாத கருமாதி

ஒரு கோட்பாட்டுக்குக் கருமாதி நடத்த எத்தனை பேர் காத்துக்கொண்டிருந்தார்கள் என்பது 2012 நவம்பரில் தெரிந்தது. ஜப்பானின் கியோட்டோ நகரில் கூடிய துகள் இயற்பியல் மாநாட்டில் செர்ன் ஆய்வகத்தின் எல்.எச்.சி.பி குழு ஓர் எண்ணைச் சொன்னது. பி-எஸ் என்ற துகள் இரண்டு மியூவான்களாகச் சிதைவது நூறு கோடிக்கு ஏறத்தாழ மூன்று முறை. துகள் இயற்பியலின் நடப்புக் கணக்குப் புத்தகமான ஸ்டாண்டர்ட் மாடல் எதிர்பார்த்ததும் கிட்டத்தட்ட அதே அளவுதான். உடனே பி.பி.சி. செய்தி போட்டது: பேர்பெற்ற சூப்பர்சிமெட்ரிக்கு ஒளிந்துகொள்ள இடம் தீர்ந்துகொண்டு வருகிறது என்று. அந்தச் செய்தியிலேயே எல்.எச்.சி.பி.யைச் சேர்ந்த இயற்பியலாளர் ஒருவர், ஆள் இன்னும் சாகவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்ற பொருளில் பேசியிருந்தார். அவர் ஆஸ்பத்திரி என்றதை மயானம் என்று படித்துக்கொண்டு ஊர் கிளம்பிவிட்டது.

அன்று கிளம்பிய பேச்சு இன்னும் ஓயவில்லை. அறிவியல் கூட்டம் எதுவானாலும் கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு கை எழும். “சார், பெரிய மோதுவியிலயும் சிக்கல, அபூர்வச் சிதைவுலயும் ஒண்ணும் தெரியல. சூப்பர்சிமெட்ரி செத்துப்போச்சுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. அப்புறமும் எதுக்கு சார் இதை எண்ணிக்கிட்டே இருக்காங்க?” கேட்கிற பிள்ளை மேல் குற்றமில்லை. அவனுக்குச் சொல்லப்பட்டது அப்படி. சொன்னவர்களோடுதான் எனக்கு வழக்கு.

அவர்கள் சொல்வது இரண்டு சங்கதி. ஸ்டாண்டர்ட் மாடலோடு ஒத்துப்போன ஒரு சிதைவு சூப்பர்சிமெட்ரியைக் கொன்றுவிட்டது என்பது ஒன்று. ஒத்துப்போய்விட்டதால் அந்த அளவீடே வெறுங்கை என்பது மற்றொன்று. முதலாவது மிகை, இரண்டாவது அபத்தம். இரண்டையும் ஒரே வாய் ஒரே மூச்சில் சொல்வதுதான் வேடிக்கை. கொலை நடந்துவிட்டது என்கிறார்கள், கத்தியில் கூரே இல்லை என்றும் சொல்கிறார்கள்.

சூப்பர்சிமெட்ரியை மீச்சமச்சீர்மை என்று தமிழில் எழுதுகிறோம். நாம் அறிந்த ஒவ்வொரு துகளுக்கும் தற்சுழற்சியில் அரை அலகு மாறுபட்ட ஒரு ஜோடி உண்டு என்பது அதன் சாரம். குவார்க்குக்கு ஸ்குவார்க், குளுவானுக்கு குளுயினோ. ஹிக்ஸ் துகளின் நிறை ஏன் எகிறிப் போய்விடவில்லை, கரும்பொருள் எதனால் ஆனது என்ற இரண்டு மாங்காயும் ஒரே கல்லில் விழும் என்ற ஆசையில் 1970களிலிருந்து சில தலைமுறைகள் இதில் உழைத்திருக்கின்றன. இந்த ஜோடிகளை மோதுவியில் நேரடியாக உண்டாக்கிப் பார்க்கலாம். ஆனால் மோதலின் ஆற்றல் போதாவிட்டால் அவை உண்டாகா. உண்டாகாமலேயே தடம் விடவும் அவற்றுக்கு ஒரு வழி இருக்கிறது. குவாண்டம் விதிப்படி, கனமான துகள் ஒன்று கணப்பொழுதுக் கடனில் இடையே வந்து போய், லேசான துகளின் சிதைவு வீதத்தை மாற்றிவிடலாம். எண்ணிப் பார்த்தால் தெரியும்.

எதை எண்ணுவது என்பதில்தான் சூட்சுமம். சந்தை நேரத்தில் கொலுசுச் சத்தம் காதில் விழாது, நள்ளிரவில் மூன்றாம் வீட்டுக் கொலுசும் கேட்கும். அடிக்கடி நடக்கிற சிதைவில் புதிய துகளின் பங்கு ஸ்டாண்டர்ட் மாடலின் இரைச்சலில் மூழ்கிவிடும். ஸ்டாண்டர்ட் மாடலே பல்லைக் கடித்துக்கொண்டு அனுமதிக்கிற சிதைவு எதுவோ அங்கேதான் காதை வைக்க வேண்டும்.

பி-எஸ் அப்படிப்பட்ட இடம். ஒரு பாட்டம் எதிர்க்குவார்க்கும் ஒரு ஸ்ட்ரேஞ்ச் குவார்க்கும் சேர்ந்த துகள் அது. அவை இரண்டும் நேரடியாக ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மியூவான் ஜோடியாக மாற ஸ்டாண்டர்ட் மாடலில் வழி கிடையாது. டபிள்யூ போசானும் டாப் குவார்க்கும் இடையில் வந்து சுற்றுவழி போட்டுக் கொடுக்க வேண்டும். அதைத் தாண்டினால் இன்னொரு தடை. தாய்த்துகளின் தற்சுழற்சி பூஜ்யம். எதிரெதிர்த் திசையில் பறக்கும் இரண்டு மியூவான்களின் சுழற்சியும் கூட்டினால் பூஜ்யமாக வேண்டும். மெல்விசையோ மியூவானை இடக்கையாகவும் எதிர்மியூவானை வலக்கையாகவும் மட்டுமே பிடிக்கும். அப்படிப் பிடித்தால் கணக்கு பூஜ்யத்துக்கு வராது. யாராவது ஒருவர் கை மாறியாக வேண்டும். மியூவானுக்குக் கொஞ்சம் நிறை இருப்பதால் மட்டுமே அந்தக் கைமாற்றம் நடக்கிறது, அதுவும் ஆயிரக்கணக்கில் ஒரு பங்கு வாய்ப்பாக. இந்தத் தடைகளையெல்லாம் பெருக்கிப் பார்த்தால் நூறு கோடிக்கு 3.66 என்று வரும். கணக்கின் பிழை வரம்பு 0.14. இவ்வளவு சின்ன எண்ணை இவ்வளவு சுத்தமாகக் கணக்கிட முடிகிற இடங்கள் துகள் இயற்பியலில் குறைவு.

சூப்பர்சிமெட்ரியில் ஹிக்ஸ் ஒன்றோடு நிற்காது, குறைந்தது ஐந்து வேண்டும். அவற்றில் கனமான நடுநிலை ஹிக்ஸ்கள் இடையில் வந்தால் கைமாற்றத் தடை பொருந்தாது. மியூவானின் சொற்ப நிறைக்கு அவையும் கட்டுப்பட்டவைதான். ஆனால் டேன் பீட்டா என்ற எண் அந்தச் சொற்பத்தைப் பெருக்கிவிடும். கோட்பாட்டில் உள்ள இரண்டு ஹிக்ஸ் புலங்களின் வெற்றிட அளவுகளுக்கு இடையிலான விகிதம் அது. கே.எஸ். பாபுவும் கிறிஸ்டோபர் கோல்டாவும் 2000-ல் வெளியான கட்டுரையில் காட்டியது இதுதான்: சூப்பர்சிமெட்ரியின் பங்கு டேன் பீட்டாவின் ஆறாம் அடுக்கில் ஏறும். டேன் பீட்டா 10-லிருந்து 50-ஆனால் பங்கு 15,625 மடங்காகும். எதிர்ப்பக்கம், கனமான ஹிக்ஸின் நிறை இரட்டித்தால் பங்கு பதினாறில் ஒன்றாகச் சுருங்கும்.

இந்த இரண்டு வரியைப் புரிந்துகொண்டவர் யாரும் கியோட்டோவில் சூப்பர்சிமெட்ரி செத்தது என்று எழுத மாட்டார். டேன் பீட்டா 5 என்றோ 10 என்றோ இருந்து, கனமான ஹிக்ஸும் உண்மையிலேயே கனமாக இருந்தால், இந்தச் சிதைவில் சூப்பர்சிமெட்ரி காட்டும் எண்ணும் ஸ்டாண்டர்ட் மாடல் காட்டும் எண்ணும் ஒன்றேதான். அங்கே ஒத்துப்போனது சாட்சியமே ஆகாது. கியோட்டோவில் இடிந்தது டேன் பீட்டா பெரிதாகவும் ஹிக்ஸ் லேசாகவும் இருக்கும் ஒரு மூலை.

இதைக் கேட்டதும் எதிர்முகாம் கைதட்டும். சூப்பர்சிமெட்ரியின் பக்தர்களைச் சொல்கிறேன். பார்த்தீர்களா, எங்களுக்கு ஒரு கீறலும் இல்லை என்பார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. இடிந்தது மூலை அறைதான், ஆனால் வீட்டிலேயே காற்றோட்டமான அறை அதுதான். டாப், பாட்டம், டௌ மூன்றின் பிணைப்பும் உயர் ஆற்றலில் ஒரே புள்ளியில் சேர வேண்டும் என்று விரும்பியவர்களுக்கு டேன் பீட்டா ஐம்பதை ஒட்டி இருக்க வேண்டியிருந்தது. நூறு மடங்கு, அதற்கும் மேலேகூட சிதைவு பெருகலாம் என்று எழுதிய கட்டுரைகள் அந்த அறையிலிருந்து வந்தவை. எண் வந்து அறை மூடியதும், நாங்கள் அங்கே குடியிருக்கவே இல்லையே என்று சொன்னால் எப்படி? வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து இருக்கிறது.

இப்போது இரண்டாவது சங்கதிக்கு வருகிறேன். ‘ஒன்றும் கிடைக்கவில்லை.’ இந்தச் சொற்றொடர்தான் என் கோபத்துக்குக் காரணம்.

1960களின் முடிவில் குவார்க்குகள் மூன்றே. நடுநிலை கே துகள்களில் ஆயுள் நீண்டது ஒன்று உண்டு. மூன்று குவார்க் கணக்கின்படி அது மியூவான் ஜோடியாகத் தாராளமாகச் சிதைய வேண்டும். சோதனைக்காரர்கள் தேடினார்கள், காணோம். இன்று அதன் அளவு நமக்குத் தெரியும்: நூறு கோடிக்கு ஏழுக்குச் சற்றுக் குறைவு. நடக்க வேண்டியது நடக்கவில்லை என்ற அந்த மௌனத்தை 1970-ல் ஷெல்டன் கிளாஷோ, ஜான் இலியோபூலோஸ், லூசியானோ மையானி மூவரும் காதுகொடுத்துக் கேட்டார்கள். நான்காவதாக ஒரு குவார்க் இருந்தால், அது போடும் சுற்றுவழியும் பழைய சுற்றுவழியும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். மிச்சம் சொற்பமே நிற்கும். அந்த நான்காவது குவார்க்கின் நிறை என்ன? மேரி கையார்டும் பெஞ்சமின் லீயும் 1974-ல் கே துகள்களின் நிறை வேறுபாட்டிலிருந்து கணக்குப் போட்டு, புரோட்டானைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் புரூக்ஹேவனில் சாமுவேல் டிங்கின் குழுவும் ஸ்டான்ஃபோர்டில் பர்ட்டன் ரிக்டரின் குழுவும் தனித்தனியே ஒரே துகளில் போய் முட்டிக்கொண்டன. உள்ளே சார்ம் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும். நிறை சொன்னபடியே இருந்தது.

இதே மியூவான் ஜோடி, இதே நூறு கோடிக்குச் சில. அன்றைக்கும் செய்தித்தாளுக்குச் சொல்ல இருந்தது ‘ஒன்றும் காணோம்’ மட்டுமே. அந்தக் காணோமிலிருந்துதான் ஒரு குவார்க் வந்தது. இதைப் படித்த பிறகும் வெறுங்கை என்கிறவருக்கு நான் சொல்ல வேறெதுவும் இல்லை.

கண்ணால் கண்டால்தான் நம்புவேன், சுற்றுவழிச் சான்று வதந்திக்குச் சமம் என்பாரும் உண்டு. கண்ணால் கண்ட கதை ஒன்றும் சொல்கிறேன். 1984-ல் செர்னின் யு.ஏ.1 குழு டாப் குவார்க்கை மோதுவியில் நேரடியாகப் பார்த்ததாக அறிவித்தது. நிறை புரோட்டானைப் போல முப்பதிலிருந்து ஐம்பது மடங்குக்குள் என்றது. மூன்றாண்டு கழித்து ஹாம்பர்க் நகரின் டெசி ஆய்வகத்தில் ஆர்கஸ் குழு, நடுநிலை பி துகள் தன் எதிர்த்துகளாக மாறி மாறி ஊசலாடுவதை அளந்தது. எதிர்பார்த்ததைவிட ஊசலாட்டம் வேகமாக இருந்தது. அப்படியானால் சுற்றுவழியில் இருக்கும் டாப் நீங்கள் சொல்வதைவிட நிறையவே கனமானதாக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். 1995-ல் ஃபெர்மிலாபில் டாப் அகப்பட்டபோது அதன் நிறை புரோட்டானைப் போல 180 மடங்கைத் தாண்டியிருந்தது. கண்ணால் கண்டவர்கள் பின்னணி இரைச்சலைக் கண்டிருந்தார்கள். வதந்தி என்று தள்ளப்பட்டது சரியாகச் சொல்லியிருந்தது.

ஒரு பி-எஸ் சிதைவைப் பிடிப்பது எப்படி என்று பார்த்தால் வெறுங்கை என்று சொல்ல வாய் வராது. ஜெனீவாவை ஒட்டி, பிரான்ஸ் எல்லைக்குள் ஃபெர்னே-வோல்தேர் ஊருக்கு அருகே நூறு மீட்டர் ஆழத்தில் எல்.எச்.சி.பி. கருவி இருக்கிறது. புரோட்டான் கற்றை ஓடும் குழாயை இருபுறமும் அணைத்தாற்போல சிலிக்கான் தகடுகள், இரண்டு பாதிகளாக. கற்றையை உள்ளே செலுத்தும்போது பாதிகள் விலகி நிற்கும், கற்றை நிதானப்பட்டதும் மெல்ல நெருங்கி வந்து மூடும். முதல் ஓட்டத்தில் தகடுகளுக்கும் கற்றைக்கும் இடையே 8 மில்லிமீட்டர்தான். புதுப்பித்த பிறகு இன்னும் நெருக்கம், 5 மில்லிமீட்டரை ஒட்டி. பிறந்த பி-எஸ் துகள் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் பறந்துவிட்டுச் சிதையும். மோதல் நடந்த புள்ளிக்கும் சிதைந்த புள்ளிக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளிதான் அடையாளம். அதிலிருந்து கிளம்பும் இரண்டு தடங்கள், ஒவ்வொன்றும் 80 சென்டிமீட்டர் தடிமனுள்ள இரும்புச் சுவர்களைத் துளைத்துக்கொண்டு அடுத்த பக்கம் வர வேண்டும். மற்றத் துகள்கள் இரும்பில் மாட்டிக்கொள்ளும், மியூவான் போய்விடும்.

இதிலும் ஏமாற்று வேலை உண்டு. வழியில் பையான் ஒன்று மியூவானாகச் சிதைந்து வேஷம் போடும். வேறு வேறு தாய்க்குப் பிறந்த இரண்டு மியூவான்கள் தற்செயலாகப் பக்கத்தில் வந்து உடன்பிறப்பு போல நிற்கும். இவற்றையெல்லாம் கழித்த பிறகு, இரண்டு தடங்களின் ஆற்றலையும் உந்தத்தையும் கூட்டினால் புரோட்டானைப் போல 5.7 மடங்கு நிறை வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நிறை வரும் பகுதியை மட்டும் திரை போட்டு மறைத்துவிட்டு, மற்ற எல்லா விதிகளையும் முடிவு செய்த பிறகே திரையை விலக்குவார்கள். நாம் விரும்பியது வரும்படி விதியை வளைத்துவிடக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதை. எல்.எச்.சி.பி.யும் செர்னின் இன்னொரு குழுவான சி.எம்.எஸ்.ஸும் தரவுகளை ஒன்றாக்கி 2015-ல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு லட்சம் கோடி பி துகள்கள் பிறந்திருந்தன. கைக்கு வர வேண்டியிருந்த சிதைவுகள் நூறுக்கும் குறைவு. அந்த நூறுக்கும் குறைவானதை எண்ணித்தான் 6.2 சிக்மா உறுதியோடு சொன்னார்கள்: நூறு கோடிக்கு 2.8.

சூப்பர்சிமெட்ரியை அபூர்வச் சிதைவுகள் முதன்முதலாகச் சோதித்தது கியோட்டோவில் என்பது போன்ற ஒரு தோற்றமும் இந்தக் கருமாதிக் கட்டுரைகளில் இருக்கிறது. அதுவும் பிசகு. சவாஸ் டிமோபூலோசும் ஹோவர்ட் ஜார்ஜியும் 1981-ல் நடைமுறைக்கு ஏற்ற முதல் மாதிரியை எழுதியபோதே இந்தக் கத்தி தலைக்கு மேல் தொங்கியது. ஸ்குவார்க்குகளின் நிறை மனம்போனபடி இருந்தால் கே துகள்களின் ஊசலாட்டம் அளந்ததைவிடப் பல மடங்கு எகிறிவிடும். அதனால் அவற்றின் நிறைகள் கிட்டத்தட்டச் சமம் என்று ஆரம்பத்திலேயே வைக்க வேண்டியிருந்தது. ஏன் சமம் என்று கேட்டவர்கள்தான் பிற்பாடு புதுப் புது மாதிரிகளைக் கட்டினார்கள். இன்று பாடப்புத்தகத்தில் காணும் சூப்பர்சிமெட்ரியின் உருவத்தில் பாதியைச் செதுக்கியது மோதுவி இல்லை, நடக்காத சிதைவுகள்.

மியூவான் ஒன்று எலக்ட்ரானாகவும் ஒளித்துகளாகவும் சிதைவதைச் சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வுக்கூடத்தில் தேடுகிறார்கள். ஸ்டாண்டர்ட் மாடலில் நியூட்ரினோ நிறையைச் சேர்த்தாலும் இது நடக்கும் வாய்ப்பு பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளலாம். அங்கே இரைச்சல் போட ஸ்டாண்டர்ட் மாடல் இல்லை. ஐயத்துக்கிடமில்லாமல் சில நிகழ்வு சிக்கினால் வழக்கு முடிந்தது. அங்குள்ள மெக்-2 குழு 2025-ல் போட்ட எல்லை: பத்து லட்சம் கோடிக்கு 1.5-ஐத் தாண்டாது. எலக்ட்ரான், மியூவான் வகையறாவின் ஜோடிகளான ஸ்லெப்டான்கள் கொஞ்சம் லேசாகவும் தங்களுக்குள் கொஞ்சம் கலந்தும் இருக்கும் எத்தனையோ மாதிரிகள் இந்த ஓர் எண்ணால் வீட்டுக்குப் போயின. யாரும் தலைப்புச் செய்தி போடவில்லை.

எல்லாவற்றிலும் அபூர்வமானது புரோட்டானின் சிதைவு. அதற்கு நம் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. கோலார் தங்கவயலில் 2,300 மீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆய்வுக் கழகமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1980-ல் 140 டன் இரும்புக் கருவியொன்றை வைத்தன. புரோட்டான் சாவதைப் பார்ப்பதற்காகவே கட்டிய முதல் கருவிகளில் ஒன்று அது. தமிழ்நாட்டின் வடமாவட்டங்களிலிருந்து போன குடும்பங்கள் தலைமுறையாக வெட்டிய சுரங்கம். இதெல்லாம் வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு என்று சொல்பவர்கள் அந்தக் குழி வழியாக ஒருமுறை இறங்கிப் பார்த்திருக்கலாம், இப்போது சுரங்கத்தை மூடிவிட்டார்கள். புரோட்டான் சிதைந்ததாகக் கருதத்தக்க சில நிகழ்வுகளைக் கோலார் குழு வெளியிட்டது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெரிய நீர்த்தொட்டிகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனால் அந்தத் தொட்டிகளின் வாரிசான சூப்பர் கமியோகாண்டே, 50,000 டன் நீரை வைத்துக்கொண்டு, புரோட்டான் ஒரு கே துகளாகவும் நியூட்ரினோவாகவும் சிதையவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னது. மீச்சமச்சீர்மை கலந்த மிக எளிய ஒருங்கிணைப்புக் கோட்பாடு விரும்பிய சிதைவு அதுதான். 2001-ல் ஹிதோஷி முராயாமாவும் ஆரன் பியர்ஸும் அந்த எளிய வடிவத்தைக் காப்பாற்ற வழியே இல்லை என்று தீர்ப்பு எழுதினார்கள். பிறகு சிலர் மேல்முறையீட்டில் சந்து கண்டுபிடித்தது உண்மை. ஆனால் கவனியுங்கள், வழக்கைத் தொடுத்தது எந்த மோதுவியும் இல்லை. ஒரு தொட்டித் தண்ணீர் சும்மா இருந்ததுதான் சாட்சி.

எதிராளியின் வாதங்களில் எனக்கு மரியாதை உள்ளது ஒன்றே ஒன்று: இந்தத் துறை அடிக்கடி ‘புலி வருது’ என்று கத்துகிறது. கத்தியிருக்கிறது. 2011 ஜூலையில் ஃபெர்மிலாபின் சி.டி.எஃப் குழு இதே பி-எஸ் சிதைவை நூறு கோடிக்கு 18 என்றது. சூப்பர்சிமெட்ரிக் கட்டுரைகள் மழைக்காலக் காளானாக முளைத்தன. அதே மாதமே எல்.எச்.சி.பி.யும் சி.எம்.எஸ்.ஸும் சேர்ந்து 11-க்கு மேல் இருக்க முடியாது என்று மூடிவிட்டன. 2021 மார்ச்சில் இன்னொன்று. பி துகள்கள் எலக்ட்ரானையும் மியூவானையும் வேறுபாடாக நடத்துகின்றன, 3.1 சிக்மா என்று எல்.எச்.சி.பி. அறிவித்தது. உலகப் பத்திரிகைகள் புதிய விசை வந்துவிட்டது என்றன. 2022 டிசம்பரில் அதே குழு அதே தரவை மறுபடி அலசி, எலக்ட்ரானாக வேஷம் போட்ட வேறு துகள்களைக் குறைத்து மதிப்பிட்டிருந்தோம் என்று சொல்லித் தன் கையாலேயே அந்த வேறுபாட்டை அழித்தது. புலி வரவில்லை. ஆனால் வரவில்லை என்று சொன்னது யார்? ஊர்க்காரர்கள் இல்லை, கத்திய பையனே மரத்தில் ஏறிப் பார்த்துவிட்டுச் சொன்னான். வேறு எத்தனை துறையில் இது நடக்கிறது என்று யோசித்துப் பார்க்கலாம். போகட்டும், அந்த வேறுபாடு நிலைத்திருந்தாலும் எளிய சூப்பர்சிமெட்ரி அதை விளக்கத் திணறியிருக்கும். இரண்டையும் முடிச்சுப் போட்டது செய்தியாளர்கள்.

சூப்பர்சிமெட்ரிக்கு உண்மையான நெருக்கடி எங்கே என்று கேட்டால், நான் பி-எஸ்ஸைக் காட்ட மாட்டேன். குளுயினோ இருந்தால் அது புரோட்டானைப் போல 2,000 மடங்குக்கு மேல் கனமாக இருக்க வேண்டும் என்று நேரடித் தேடல்கள் தள்ளிவிட்டன, எளிய சூழல்களிலாவது. அதற்கு முன்பே ஹிக்ஸின் நிறை 125 கிகா எலக்ட்ரான் வோல்ட் என்று 2012 ஜூலையில் வந்ததும் டாப்பின் ஜோடிகள் கனமாக இருந்தாக வேண்டிய கட்டாயம் பிறந்துவிட்டது. ஹிக்ஸின் நிறை எகிறாமல் பிடித்துக்கொள்ளத்தான் ஜோடிகளை அழைத்தோம். அவை அவ்வளவு கனமாக இருந்தால் பிடி தளர்ந்துவிடும். என்னைக் கேட்டால், அந்தப் பழைய ஆசையோடு வந்த சூப்பர்சிமெட்ரி மேல் நான் பந்தயம் கட்ட மாட்டேன். ஆனால் பந்தயம் கட்ட மாட்டேன் என்பதும் செத்துவிட்டது என்பதும் ஒன்றாகாது. ஜோடிகள் எட்டாத உயரத்துக்குப் போயிருந்தால் அவற்றை மோதுவி காட்டாது, அபூர்வச் சிதைவு காட்டலாம். 91 கிலோமீட்டர் சுற்றளவில் 1,500 கோடி சுவிஸ் ஃபிராங்க் செலவில் புதிய சுரங்கம் வேண்டும் என்று செர்ன் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது. வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். அது வரும்வரை அத்தனை உயரத்துக்கு எட்டும் ஏணி நம்மிடம் இருப்பது இந்த எண்ணிக்கை ஒன்றுதான். செத்துப்போனது என்று சொல்லி அதையும் கழற்றிப் போடச் சொல்வது என்ன நியாயம்?

ஒத்துப்போய்விட்டது என்ற பேச்சையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். எல்.எச்.சி.பி.யின் முழுத் தரவில் நூறு கோடிக்கு 3.09, சி.எம்.எஸ்.ஸில் 3.83, கணக்கில் 3.66. சோதனைகளின் பிழை வரம்பு தனித்தனியே பத்து சதவீதத்தை ஒட்டியும் அதற்கு மேலும். கணக்கின் பிழை நான்கு சதவீதம். நடுவில் உள்ள இந்த இடைவெளியில் பெரிய டேன் பீட்டா நுழைய முடியாது, ஆனால் கூட்டவோ குறைக்கவோ செய்யும் சின்னப் பங்கு ஒன்று தாராளமாகப் படுத்துத் தூங்கலாம். பி-எஸ்ஸில் ஆயுள் வேறுபட்ட இரண்டு வகை உண்டு, நீண்ட ஆயுள் வகைதான் மியூவான் ஜோடியாகச் சிதையும் என்பது ஸ்டாண்டர்ட் மாடலின் கட்டளை. சூப்பர்சிமெட்ரியின் ஹிக்ஸ்கள் அந்தக் கட்டளையை மீறலாம். சிதைவுகளின் எண்ணிக்கை ஒத்துப்போன பிறகும் ஆயுள் காட்டிக்கொடுக்கலாம். அதை அளக்கத் தொடங்கியிருக்கிறார்கள், இன்னும் கரடுமுரடாகத்தான் வருகிறது. செர்னிலேயே இன்னொரு பக்கம், என்.ஏ.62 குழு மின்னூட்டமுள்ள கே துகள் ஒரு பையானாகவும் நியூட்ரினோ ஜோடியாகவும் சிதைவதை 2024-ல் ஐந்து சிக்மாவில் உறுதி செய்தது. ஆயிரம் கோடிக்கு 1.3. கணக்கு சொல்வது 0.8-ஐ ஒட்டி. பிழை வரம்பு பெரிது, நான் புலி என்று கத்தப் போவதில்லை. எண்ணி முடிக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

பின்வரிசைப் பிள்ளைக்கும் இதுதான் பதில். பி-எஸ்ஸுக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. ஸ்ட்ரேஞ்சுக்குப் பதில் டவுன் குவார்க்கை வைத்திருக்கும் பி-நாட். அதுவும் மியூவான் ஜோடியாகச் சிதைய வேண்டும், அண்ணனைவிட ஏறத்தாழ முப்பத்தைந்து மடங்கு அபூர்வமாக. இருவரின் விகிதமும் ஸ்டாண்டர்ட் மாடலில் இம்மி பிசகாமல் நிர்ணயமானது. அந்த விகிதம் தவறினால், அண்ணன் எவ்வளவு ஒழுக்கமாக ஒத்துப்போனாலும் பயனில்லை. ஆயிரம் கோடிக்கு ஒன்று என்பது எதிர்பார்ப்பு. அதை இதுவரை யாரும் உறுதியாகப் பார்க்கவில்லை.